புது தாரா, பழைய ஜீப்பா? ஒரு ஏலத்தோட்டக் கணக்கு

போன சித்திரையில் மகிந்திராவின் புது தார் (Thar) ஜீப் வாங்குவதற்கு முன்பணத்தோடு கிளம்பிவிட்டேன். வீட்டில் நிற்பது 1996 மாடல் மகிந்திரா எம்எம் 540. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, கிளட்ச் வழுக்கியது, பின்பக்கத் தகடு அரித்துப்போயிருந்தது. கடைசியில் அந்த முன்பணத்தில் ஒரு பங்கை எடுத்து ஜீப்புக்கே செலவு பண்ணினேன். அதே யோசனையில் இருக்கிற தோட்டக்காரர்கள் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் ஓட்டம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கணக்கு புரியாது. வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் மலைக்கு மேலே கேரளத்துச் சாந்தன்பாறைப் பக்கம். போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளும் இப்போது நல்ல தேசிய நெடுஞ்சாலை, எந்தக் காரும் ஏறும். வண்டியைச் சோதிப்பது அதற்கு அப்புறம் வரும் கடைசி நாலு கிலோமீட்டர் தோட்டப் பாதைதான். ஆனியிலிருந்து ஐப்பசி வரை அங்கே கல்லும் சேறும்தான். ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் இறங்க வேண்டும்.

புது தார் எதில் மேல் என்பதில் வாதமே இல்லை. 2020 அக்டோபரில் வந்த மாடல். 2.2 லிட்டர் டீசலில் 130 குதிரைசக்தி. என் ஜீப்பின் பெஜோ வடிவமைப்பு 2.1 லிட்டர் இன்ஜினில் 62. அங்கே நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், இங்கே நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்). பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ், காற்றுப்பை எல்லாம் அதில் உண்டு, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. என் ஜீப்பில் இதில் ஒன்றுகூட இல்லை. பாதுகாப்புக்கு இதற்கு மேல் சமாதானம் சொல்ல முடியாது. அதனால்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போக ஜீப்பை எடுப்பதே இல்லை. வீட்டுக்கு ஒரே வண்டிதான் என்றால் இதற்கு மேல் படிக்காமல் புதுசை வாங்கிவிடுங்கள்.

சுமை விஷயத்தில் ஜீப்புக்குத்தான் என் ஓட்டு. பின்னால் எதிரெதிர் பெஞ்ச், தார்ப்பாயைச் சுருட்டினால் உரமூட்டை, மருந்து டிரம், பச்சைக் காய் மூட்டை எல்லாம் ஏறும். மூன்று கதவு தாரில் பின்சீட்டை மடக்கினால்தான் இடமே கிடைக்கும். மடக்கினாலும் அந்தத் தகட்டில் சேற்று மூட்டையைப் போட எனக்கு மனசு வராது.

ஆனால் நான் முடிவை மாற்றியது இதற்காக இல்லை. பழுதானால் யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது என்ற ஒரு கேள்விதான் மாற்றியது.

காய் எடுக்கும் காலத்தில் வண்டி நிற்கவே கூடாது. எடுத்த பச்சைக் காயை அன்றைக்கே ஸ்டோருக்குக் கொண்டுபோய் உலர்த்தப் போட வேண்டும். தாமதித்தால் பச்சை நிறம் மங்கும், நிறம் மங்கினால் ஏல விற்பனையில் விலை விழும். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைப்பதே பெரிசு. அதில் நிறமும் போனால் என்ன மிஞ்சும்?

இரண்டு வருடம் முன்னால், ஆவணி மழையில், மூட்டை ஏற்றி வரும்போது பின்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பட்டைக் கட்டின் சென்டர் போல்ட் உடைந்து, அச்சு ஒரு பக்கம் பின்னால் தள்ளி நிற்கிறது. பூப்பாறையிலிருந்து மெக்கானிக் அண்ணன் பைக்கில் வந்தார். கையில் ஒரு ஜாக்கி, ஒரு புது போல்ட், ஸ்பானர் பை, அவ்வளவுதான். சேற்றில் பலகையைப் போட்டுப் படுத்து, யு போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைகளை வரிசையாக அடுக்கி மாட்டினார். இரண்டரை மணி நேரம். சாயங்காலம் காய் ஸ்டோரில் இருந்தது.

இதோடு ஒரு பிஎஸ்-6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்கு அந்த வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் வேகமாக ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர்களுக்கு இது தொந்தரவே தராது. தோட்டத்தில் நம் ஓட்டம் எப்படி? முதல் கியரில் பத்து நிமிடம், அணைத்து ஒரு மணி நேரம், மறுபடி பத்து நிமிடம். பாதி எரியும்போதே அணைத்து அணைத்து வைத்தால் கரி சேர்ந்துகொண்டே போகும். அப்புறம் எச்சரிக்கை விளக்கு, இழுவை குறைவு, கடைசியில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்கு ஓட்டம்.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்கு இது நடந்தது. அவருடையது தார் இல்லை, வேறு வண்டி. "அண்ணே, லைட் எரியுது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று போன் பண்ணினார். பூப்பாறை மெக்கானிக்கிடம் அதற்கான கருவி இல்லை. வண்டி மலை இறங்கிப் போய் ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பியது. அந்த ஐந்து நாளும் அவர் காய் என் ஜீப்பில்தான் வந்தது.

அப்படியானால் பெட்ரோல் வாங்கலாமே என்று கேட்பது நியாயம். தார் பெட்ரோலிலும் வருகிறது. 2023 ஜூனில் வந்த மாருதி ஜிம்னியும் 1.5 லிட்டர் பெட்ரோல்தான், தனி அடிச்சட்டமும் (சேஸிஸ்) லோ கியரும் உள்ள உண்மையான ஃபோர் வீல். இரண்டிலும் டீசல் கரித் தொல்லை இல்லை. ஆனால் சென்சார், கம்ப்யூட்டர் பழுதுக்கு அங்கேயும் ஸ்கேனர்தான். மச்சானின் பெட்ரோல் தாரை மொத்தம் நாலு நாள்தான் ஓட்டியிருக்கிறேன். சேற்றில் அருமையாக ஏறியது, இறக்கத்தில் ஜீப்பைவிட நிதானமாகவும் இறங்கியது. சுமையோடு ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்காததால் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பணக் கணக்கு சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள புது வண்டிக்கு ஆயுள்வரி 18 சதவீதம். 15 லட்சம் வண்டி என்றால் வரி மட்டும் 2,70,000. ஜீப்புக்கு இந்த முறை கிளட்ச், பிரேக், பம்ப் நாசில் வேலை, தகடு, பெயின்ட் எல்லாம் சேர்ந்து 1,85,000 ஆனது. பழைய வண்டிக்குச் செலவு ஏறுவதும் உண்மை: 20 வருடம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இவ்வளவையும் சேர்த்தாலும் புது வண்டியின் வரிக்குப் பக்கத்தில் வரவில்லை.

இந்த முடிவெல்லாம் ஜீப்பின் அடிச்சட்டம் நன்றாக இருக்கும் வரைக்கும்தான். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், தகட்டை மாற்றலாம். சட்டம் அரித்துப்போனால் மேலே செய்யும் வேலையெல்லாம் வீண். மழைக்காலம் முடிந்ததும் அடியைத் தண்ணீர் அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் சட்டத்தை முழுநீளத்துக்கும் தட்டிப் பாருங்கள். பட்டை மாட்டும் கொக்கிகளின் பக்கத்தில் இன்னும் கவனமாக. நல்ல இரும்பு கணீரென்று பேசும், உள்ளே அரித்த இடம் மந்தமாகப் பேசும். என் ஜீப்பில் வலப்பக்கப் பின்கொக்கிக்கு மேலே ஓர் அடி நீளத்துக்குச் சத்தம் கொஞ்சம் மாறியிருந்தது. அங்கே தகடு வைத்து வெல்டிங் பண்ணியிருக்கிறேன். அடுத்த கார்த்திகையில் மறுபடி தட்டுவேன். மந்தம் முன்பக்கம் பரவியிருந்தால் அந்த வாரமே தாருக்கு முன்பணம் கட்டிவிடுவேன், பெட்ரோல் மாடலுக்கு.