சீக்வேட்டர்: ஏற்காட்டு வானத்துக்கு ஏற்ற இலவச மென்பொருள்

சேலத்தில் பதினோரு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். "வானத்தை மட்டும் மாத்திக் குடுங்கண்ணா" என்று கேட்காத வீடு குறைவு. ஒரே கிளிக்கில் மாற்றிவிடலாம்தான். ஆனால் ஏற்காட்டுப் படத்தில் எங்கோ எடுத்த பால்வெளியை ஒட்டினால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. பங்குனியில் விடியக்காலை நாலு மணிக்கு விருச்சிகம் நேர் தெற்கே, சேலத்து வெளிச்சத்துக்கு மேலேதான் நிற்கும். அதை வடக்குப் பார்த்த மலைமேல் வைத்தால் அது நம் ஊர் வானமே இல்லை.

அதனால்தான், ஒரே இடத்தில் எடுத்த பல வானப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தரும் சீக்வேட்டரை இவ்வளவு பிடித்துப்போனது. போன பங்குனி அமாவாசைக்குச் சித்தப்பா வேலை பார்க்கும் காபி தோட்டத்தில் தங்கினேன். மழை பெய்து காபி பூத்திருந்த நேரம். இருட்டில் மல்லிகை மாதிரி வாசம். 14 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஒவ்வொன்றும் 15 விநாடி என்று 16 படம். மொத்தம் நாலு நிமிஷம். அதற்குள் வானம் ஒரு டிகிரி நகர்ந்துவிடும். அப்படியே அடுக்கினால் நட்சத்திரமெல்லாம் கோடாகும். நட்சத்திரத்தை ஒட்டி நகர்த்தி அடுக்கினால் தரை கலங்கிவிடும். சீக்வேட்டரில் வானப் பகுதியைப் பிரஷ்ஷால் தீட்டிக் காட்டி, தரையை உறைய வைக்கும் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் இரண்டையும் தனித்தனியாக அடுக்கித் தருகிறது. 16 படம் சேரும்போது வானத்தில் மணல் தூவினது மாதிரி தெரியும் புள்ளி இரைச்சல் ஏறக்குறைய கால் பங்காகிறது. கேட்டை நட்சத்திரத்தின் செம்மஞ்சள் நிறம் தெளிவாக வந்தது.

சிரமம் சில்வர் ஓக் மரங்களில். காற்றில் நுனி ஆடுவதால், வானமும் இலையும் சேரும் ஓரத்தை எவ்வளவு பொறுமையாகத் தீட்டினாலும் கொஞ்சம் மங்கும். காற்றில்லாத ராத்திரியாகப் பாருங்கள், இல்லை பாறையை முன்னால் வையுங்கள்.

ஒளி மாசைக் குறைக்கும் ஆப்ஷனும் உண்டு. முழுசாக ஏற்றினால் அடிவானம் சாம்பல் பூத்துப்போகிறது. நான் குறைவாகத்தான் வைத்தேன். அந்த ஆரஞ்சு வெளிச்சம் எங்கள் ஊர். அதை ஏன் அழிக்க வேண்டும்?

காபிச் செடிகளுக்காக ஸ்டாண்டை அசைக்காமலே ஐஎஸ்ஓ 800-ல் மூன்று நிமிஷப் படம் ஒன்று தனியாக எடுத்தேன். அதை ஃபோட்டோஷாப்பில் மாஸ்க் போட்டுச் சேர்த்தேன். ஒரே ராத்திரி, ஒரே இடம், ஒரே திசை. இதைத்தான் நான் சேர்ப்பு என்பேன்.

சீக்வேட்டர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். படம் எடுத்து முடித்து அங்கிருந்து கிளம்பும் முன் லென்ஸ் மூடியைப் போட்டு அதே 15 விநாடியில் நாலைந்து இருட்டுப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் சூட்டில் வரும் வெள்ளைப் புள்ளிகளைக் கழிக்க அது வேண்டும்.

பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். அம்மா கேட்டை நட்சத்திரம். வருகிறவர்களிடம் எல்லாம் விரல் வைத்துக் காட்டுகிறார்.