பம்ப்பா, எக்மோவா, இரண்டும் வேண்டாமா?

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு போன். எங்கள் தெருப் பையன். கல் கிரஷரில் இருபது வருடம் தூசி குடித்த அவனுடைய அத்தானுக்கு இரண்டு நுரையீரலும் கெட்டுப்போய், சென்னையில் மாற்று நுரையீரலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, ஆபரேஷன் அன்னைக்கு எக்மோ போடுவாங்களாம்லா. அப்ப சோலி முடிஞ்சிட்டுன்னுதான அர்த்தம்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. எக்மோ என்பது உடம்புக்கு வெளியே ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மிஷின். அந்தச் சொல் 2016 டிசம்பரில் ஜெயலலிதாவோடு நம் வீடுகளுக்குள் வந்தது, 2020இல் எஸ்.பி.பி.யோடு இன்னொரு முறை. இரண்டு முறையும் நல்ல சேதி வரவில்லை. ஆனால் ஐ.சி.யூ.வில் கடைசி முயற்சியாகப் போடும் எக்மோ வேறு, ஆபரேஷன் தியேட்டரில் திட்டம் போட்டுச் சில மணி நேரம் ஓட்டும் எக்மோ வேறு. ஆபரேஷனில் இந்த மாதிரி மிஷின்களை, எங்கள் பேச்சில் பம்ப்பை, ஓட்டுவது என் பிழைப்பு. அதனால் அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மாற்று ஆபரேஷனுக்கு மூன்று வழி உண்டு. எந்த மிஷினும் இல்லாமல் செய்வது ஒன்று. அதை ஆஃப்-பம்ப் என்போம். இதய-நுரையீரல் மிஷின், அதாவது முழு பம்ப், இன்னொன்று. எக்மோ மூன்றாவது.

மிஷின் இல்லாமல் செய்வதைக் கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும். மூச்சுக்குழாயில் இரண்டு வழி உள்ள குழாயை வைத்து, ஒரு நுரையீரலை வென்டிலேட்டரில் ஓடவிட்டு மற்றதை எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பரின் கொஞ்சம் போதும், ரத்தக்கசிவும் குறைவு. சிக்கல் எங்கே என்றால், ஒரு பக்கத்து ரத்தக்குழாயில் கிளாம்ப் போட்டதும் இதயத்தின் வலது அறை தள்ளும் ரத்தம் முழுவதும் மிச்சமிருக்கும் ஒரு கெட்ட நுரையீரல் வழியாகப் போயாக வேண்டும். நுரையீரல் ரத்த அழுத்தம் ஏற்கெனவே கூடியிருந்தால் அந்த அறை அங்கேயே திணறிவிடும்.

அதைத் தாண்டினாலும் இன்னொரு கண்டம் இருக்கிறது. முதல் புது நுரையீரலைத் தைத்து முடித்து, அடுத்த பக்கத்து ரத்தக்குழாயில் கிளாம்ப் போடும்போது மொத்த ரத்தமும் அந்த ஒற்றைப் புது நுரையீரலுக்குள் பாயும். தாமிரபரணியிலிருந்து கோடகன் கால்வாய்க்கும் பாளையங்கால்வாய்க்கும் போக வேண்டிய தண்ணீரை நேற்று வெட்டிய ஒரு கால்வாயில் திருப்பிவிட்டால் கரை நிற்குமா? புது நுரையீரலோ பல மணி நேரம் ஐஸில் இருந்து வந்தது. நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஒருவர் மூளைச்சாவு அடைந்து குடும்பம் தானம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தூத்துக்குடிப் பக்கம் வாகைக்குளம் விமான நிலையம், பிறகு சென்னை, பிறகு தியேட்டர். ஐஸ் பெட்டியில் சுமார் 6 மணி நேரம்தான் கணக்கு. அப்படி வந்த நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்கள் எளிதில் கசியும், நீர் கோத்துக்கொள்ளும். முதல் 3 நாளில் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

முழு பம்ப் பழைய, நம்பகமான ஆள். ஜான் கிப்பன் 1953 மே 6 அன்று அமெரிக்காவில் முதன்முதலாக வெற்றிகரமாக ஓட்டியது இதன் மூதாதையைத்தான். உடம்பு ரத்தத்தைத் தொட்டியில் இறக்கி, ஆக்ஸிஜன் ஏற்றி, மகாதமனிக்குள் திருப்பி அனுப்பும். சர்ஜன் கைதவறி ரத்தம் கொட்டினாலும் உறிஞ்சி நேராகத் தொட்டிக்கே கொண்டுவரலாம். இதயத்தில் ஓட்டை இருந்தால் அதையும் கையோடு அடைக்கலாம். இதற்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன? ஹெப்பரின், உடம்பு எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் வரை போகும். ரத்தம் உறையும் நேரத்தை 480 நொடிக்கு மேல் வைக்க வேண்டும். தொட்டியில் ரத்தம் காற்றைத் தொடுவதால் உடம்பெங்கும் அழற்சி கிளம்பும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிபடும்.

எக்மோவில் அந்தத் தொட்டி கிடையாது. மூடிய சுற்று, சுழற்சி பம்ப், உள்பூச்சு பூசிய குழாய்கள். உறையும் நேரம் 200 நொடியை ஒட்டி இருந்தால் போதும். ரத்தத்தில் ஏறக்குறைய பாதியை மிஷின் வழியாக எடுத்துக்கொண்டு மீதியைப் புது நுரையீரலுக்கு அளந்துவிடலாம். கரை உடையாமல் மடையைப் பாதி திறப்பது போல.

தொட்டி இல்லாததே அதன் பலவீனமும். திடீரென ரத்தம் கொட்டினால் என் கையில் சேமிப்பு எதுவும் இல்லை, இழுக்க ரத்தம் போதாமல் குழாய் துள்ள ஆரம்பித்துவிடும். சிந்திய ரத்தத்தைக் கழுவித்தான் திருப்பித் தரமுடியும், அதிலும் சிவப்பணு மட்டும்தான் மிஞ்சும். நிலைமை கைமீறினால் முழு பம்ப்புக்கு மாறத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு எக்மோவில் பிடித்தது கடைசிக் கட்டம். தையல் முடிந்ததும் மிஷினைக் குறைத்துப் பார்ப்போம். நுரையீரல் இன்னும் தயங்கினால் தொடை வழியாகக் குழாய் மாற்றி அப்படியே ஐ.சி.யூ.வுக்குக் கூட்டிப்போகலாம். நுரையீரல் ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சில நாள் ஓட்டுவதும் உண்டு, இடது பக்க இதயம் புது ரத்த வரத்துக்குப் பழக வேண்டும் என்பதால். முழு பம்ப்பில் இந்த வசதி இல்லை. ஆஸ்திரியாவின் வியன்னாவில் நுரையீரல் மாற்று செய்யும் குழு எக்மோவை ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும் வழக்கமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆஃப்-பம்ப் கேஸ்களின் முடிவு நன்றாக இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். லேசான கேஸ்தான் அந்த வழியில் போகிறது, சிக்கலானது பம்ப்புக்குப் போகிறது. அதை மறந்துவிட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது சரியில்லை. என்னைக் கேட்டால், ஒரு நுரையீரல் மட்டும் மாற்றுகிறார்கள், இதயமும் நன்றாக இருக்கிறது என்றால் மிஷினே வேண்டாம். இதயத்திலும் வேலை இருந்தால் முழு பம்ப். மிச்சத்தில் பெரும்பாலோருக்கு எக்மோ, அதுவும் முன்கூட்டியே திட்டமிட்டு. ஆஃப்-பம்ப் என்று ஆரம்பித்து, பாதி வழியில் பிரஷர் விழுந்து, ஓடிப்போய்க் குழாய் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்த ஓட்டத்தை ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தப் பையனின் அத்தானுக்குக் கல் தூசி நோய். அப்படிப்பட்ட நுரையீரல் பல நேரம் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்கும்போது அங்கங்கே கசியும். அதோடு முழு அளவு ஹெப்பரினும் சேர்ந்தால் ரத்தத்தை நிறுத்துவதே தனி ஆபரேஷன் ஆகிவிடும். அதனால்தான் அவர்கள் எக்மோ என்று சொல்லியிருப்பார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் கேட்டான்: "அப்ப ரத்தம் கம்மியாத்தான வேணும் அண்ணாச்சி?" முழு பம்ப்புக்கு ஆகிறதைவிடப் பெரும்பாலும் கம்மிதான், ஆனாலும் தயாராக இருக்கச் சொன்னேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற ஏழெட்டுப் பேரை அவன் ஏற்கெனவே திரட்டி வைத்திருந்தான்.