ஃபைல் சர்வர் இழுக்குதா? வயருக்குச் செலவு பண்ணலாமா, டிஸ்க்குக்கா, புதுப் பெட்டிக்கா

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் ஃபைல் சர்வர், அதாவது எல்லோருடைய ஃபைலையும் வைத்திருக்கும் பொதுக் கம்ப்யூட்டர், மெதுவாகிவிட்டால் மூன்று யோசனை உடனே வந்து நிற்கும். கம்ப்யூட்டர்களை வயரில் இணைக்கும் சுவிட்சை 10 ஜிகாபிட்டுக்கு மாத்திடுங்கண்ணா என்பார் கேபிள் போடுகிறவர். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டால் போதும் என்பார் கடைக்காரர். பழைய சர்வரைத் தூக்கிவிட்டு ஃபைல் வைப்பதற்கென்றே வரும் என்ஏஎஸ் பெட்டி ஒன்று வாங்கிக்கலாம் என்று முதலாளியின் தம்பி சொல்வார். மூன்றுமே சில இடங்களில் சரியான பதில்தான். ஆனால் அங்கே என்ன மாதிரி ஃபைல் ஓடுகிறது என்று பார்க்காமல் எதை வாங்கினாலும் பாதிக்குப் பாதி பணம் வீண்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பிரிண்டிங் யூனிட்டின் டிசைன் ஃபைல் ஒன்று 500 எம்பி. ஜிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி போல ஓடும், ஐந்து நொடியில் வந்துவிடும். அதே 500 எம்பி, தலா 50 கேபி உள்ள 10,000 சின்ன ஃபைல்களாக இருந்தால்? ஒவ்வொன்றையும் திற, படி, மூடு என்று சர்வரோடு போய்வரப் பத்து மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்தால் அதற்கே 100 நொடி. இங்கே 10 ஜிகாபிட் வயர் போட்டால் குறையப்போவது அதிகபட்சம் அந்த ஐந்து நொடிதான், 100 நொடி அப்படியே நிற்கும். கோவையில் பம்பு செய்கிற கம்பெனிகளில் சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளில் அசெம்பிளி ஒன்றைத் திறந்தால் இம்பெல்லர், கேசிங், போல்ட் என்று நூற்றுக்கணக்கில் ஃபைல் இழுக்கும், அவர்களுக்கு வரும் வலி இந்த இரண்டாவது வகை. ஈரோட்டில் பிரிண்டிங் டிசைன் செய்கிறவர்களுக்கு முதல் வகை.

முதலில் வயர். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது 11, 12 எம்பியிலேயே நின்றால் வேறெதையும் தேட வேண்டாம், லிங்க் 100 மெகாபிட்டில் விழுந்திருக்கிறது (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி). ஜிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், அதனால் ஒரு கம்பி அறுந்தாலோ முனையில் கனெக்டர் மாட்டிய கிரிம்பிங் சரியில்லை என்றாலோ பல சமயம் நெட்வொர்க் நிற்காமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகிவிடும், யாருக்கும் தெரியாது. கட்டிங் செக்ஷன் ஒரு கட்டடம், ஆபீஸ் இன்னொரு கட்டடம் என்றிருக்கும் இடங்களில் இடையில் ஃபைபர் போட்டு இரண்டு பக்கமும் அதைச் செம்பு வயரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் மாட்டியிருப்பார்கள். அந்தக் கன்வெர்ட்டர் 100 மெகாபிட் மாடலாக இருந்தால் சர்வரில் என்ன போட்டாலும் பிரயோஜனமில்லை. ஐபெர்ஃப்3 என்று இலவச மென்பொருள் இருக்கிறது, டிஸ்க்கைத் தொடாமல் வயரை மட்டும் அளக்கும். அதில் 940 மெகாபிட் போல வந்தால் வயர் நன்றாக இருக்கிறது, அதை விட்டுவிடுங்க.

பெரிய ஃபைல் வேலைதான், ஜிகாபிட் நிரம்பி வழிகிறது என்றால் 2.5 ஜிகாபிட்டா 10 ஜிகாபிட்டா? என் ஓட்டு பெரும்பாலும் 2.5-க்கு. ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் வரை அது ஓடும். 10 ஜிகாபிட்டைச் செம்புக் கேபிளில் ஓட்ட கேட் 6 என்றால் 55 மீட்டர் வரைதான், 100 மீட்டருக்கு கேட் 6ஏ வேண்டும், அதாவது மறுபடி கேபிள் இழுக்கும் செலவு. சர்வரிலிருந்து சுவிட்ச் வரை மட்டும் 10, மற்றவர்களுக்குப் பழைய ஜிகாபிட் என்று வைப்பதும் நல்ல வழி, பத்துப் பேர் ஒரே நேரத்தில் இழுக்கும் ஆபீஸுக்கு அதுதான் பொருந்தும்.

டிஸ்க் பக்கம்தான் விஷயம் அதிகம். 7200 சுற்று ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்டுக்கு மேல், தலை நகரும் நேரமும் சேர்த்தால் நொடிக்கு ஏறக்குறைய 80 தடவைதான் வேறு வேறு இடத்தில் படிக்கவோ எழுதவோ முடியும். ஒரு டிஸ்க் போனாலும் ஃபைல் போகாதபடி பல டிஸ்க்கைச் சேர்த்து வைக்கும் முறைதான் ரெய்டு 5, ரெய்டு 10 எல்லாம். அதில் நாலு டிஸ்க்கை ரெய்டு 5-ல் போட்டால் ஒவ்வொரு தடவை கொஞ்சம் எழுதும்போதும் இரண்டு தடவை படிக்க, இரண்டு தடவை எழுத என்று நாலு வேலை. ஆக நாலு டிஸ்க்கும் சேர்ந்து நொடிக்கு 80 தடவைதான் எழுதும். அதையே எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக வைக்கும் ரெய்டு 10-ல் போட்டால் 160 தடவை. இடம் மட்டும் நஷ்டம்: நாலு 4 டிபி டிஸ்க்கில் ரெய்டு 5 என்றால் 12 டிபி, ரெய்டு 10 என்றால் 8 டிபி. நாள் முழுக்க சேவ் அடிக்கும் ஆபீஸுக்கு நான் ரெய்டு 10-தான் சொல்வேன், பழைய சீசன் ஃபைல்களைச் சும்மா வைத்திருக்க ரெய்டு 5 போதும். தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கை ரெய்டில் சேர்க்கவே வேண்டாம், தொடர்ந்து எழுதும்போது திடீரென்று படுத்துவிடும், போன டிஸ்க்குக்குப் பதில் புதுசில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும் ரீபில்டுக்கு நாள்கணக்கில் ஆகலாம்.

நேற்றுவரை நன்றாக இருந்த சர்வரில் சேவ் மட்டும் திடீரென்று இழுத்தால் டிஸ்க்குகளை ரெய்டில் ஓட்டும் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்க. அது செத்துப்போனால் கார்டு பாதுகாப்புக்காக எழுதுவதை வேகப்படுத்தும் தற்காலிக மெமரியை (கேஷ்) நிறுத்திவிடும், படிப்பது பழைய வேகத்தில், எழுதுவது மட்டும் நத்தை. பேட்டரி ஒன்றை மாற்றினால் தீரும் வேலைக்குப் புது சர்வர் கொட்டேஷன் வாங்குவது எனக்கு மனசே வராத விஷயம்.

எஸ்எஸ்டியா ரேமா என்றால், காலையில் எல்லோரும் அதே ஸ்டைல் ஃபோல்டரைத்தான் திறக்கிறார்கள் எனில் ரேம் நன்றாகக் கை கொடுக்கும், ஒருமுறை படித்ததைச் சர்வர் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். எழுதுவதற்கு அது அவ்வளவாக உதவாது. சின்ன ஃபைல் அதிகம், எழுதுவதும் அதிகம் என்றால் எஸ்எஸ்டிதான், வேறு யோசனை வேண்டாம். கரண்ட் போனாலும் எழுதியதைக் காப்பாற்றும் வசதியுள்ள சர்வர் வகை எஸ்எஸ்டியாக வாங்குங்க.

புது என்ஏஎஸ் பெட்டி? பராமரிக்க ஆள் இல்லாத சின்ன ஆபீஸுக்கு நல்லது, டிஸ்க் போனால் அதுவே கத்தும். ஆனால் விலை குறைந்த பெட்டியில் பிராசசர் ரொம்பச் சாது. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எம்பி சைனிங் (விண்டோஸ் ஃபைல் பகிரும் முறையான எஸ்எம்பியில், டேட்டா வழியில் மாறவில்லை என்று சரிபார்ப்பது) இயல்பாகவே கட்டாயம், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தக் கணக்கைப் போட வேண்டிய வேலை அந்தப் பிராசசர் தலையில் விழும். ஐந்து வருடப் பழைய சர்வரின் பிராசசர் பல சமயம் அதைவிட நன்றாகத் தாங்கும். நிட்டிங் மிஷின் ஓடும் கட்டடத்திலேயே சர்வர் இருந்தால் எதையும் வாங்கும் முன் மூடியைத் திறந்து பஞ்சை ஊதி எடுங்க. ஃபேனில் பஞ்சு அடைத்தால் பிராசசர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எஸ்எம்பியா, லினக்ஸ் பக்கம் ஃபைல் பகிரும் என்எஃப்எஸ்ஸா என்ற சண்டைக்கு இங்கே பெரிய வேலை இல்லை. விண்டோஸ் மிஷின்கள் என்றால் எஸ்எம்பிதான். லினக்ஸ் சர்வரில் எஸ்எம்பி தரும் சாம்பா மென்பொருளை ஓட்டுகிறீர்கள் என்றால் ஒரே ஃபோல்டரில் பல்லாயிரம் ஃபைல் கொட்டி வைக்காதீங்க. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பாராமல் பெயரைத் தேட அது முழு ஃபோல்டரையும் புரட்டும். பையர் வாரியாக, சீசன் வாரியாகப் பிரித்தாலே வித்தியாசம் தெரியும், அதற்குக் காசும் கிடையாது. லினக்ஸ் மிஷின்களுக்குள் என்எஃப்எஸ் ஓட்டுகிறவர்கள் வேகத்துக்காக அசிங்க் என்ற செட்டிங் போடச் சொல்லுவார்கள். வேகம் வரும், ஆனால் டிஸ்க்கில் எழுதும் முன்பே எழுதியாச்சு என்று சர்வர் சொல்லிவிடும், அந்த நொடியில் கரண்ட் போனால் யூபிஎஸ் சரியில்லாத ஆபீஸில் அந்த ஃபைல் போனதுதான். பேக்கப் எடுக்கும் மிஷினுக்கு வேண்டுமானால் போடலாம், பையருக்கு அனுப்பும் ஃபைல் இருக்கும் ஷேருக்கு நான் போட மாட்டேன்.