பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அறுவைச் சிகிச்சை: மயக்க மருந்து ஓ.பி. அருமை, வார்டு சுமார்

என் மாமனாருக்கு வயது 72. இதயத்தின் மின்னோட்டம் முழுமையாகத் தடைப்பட்டதால் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார். பித்தப்பையில் கல் சேர்ந்துவிட்டது. லேப்ராஸ்கோபியில் எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். எங்கள் பயமெல்லாம் மயக்க மருந்தைப் பற்றித்தான்.

இங்குள்ள மயக்க மருந்து மருத்துவரை மனமாரப் பாராட்ட வேண்டும். இசிஜியைப் புரட்டும் முன்பே அவர் கேட்டது பேஸ்மேக்கர் அட்டையை. எந்தக் கம்பெனி, கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அது இல்லாவிட்டால் இதயம் தானாகப் போதிய அளவு துடிக்குமா என்று துருவித் துருவிக் கேட்டார். மாமனாருக்குத் துடிக்காது. ரத்தக்கசிவைச் சுட்டு அடைக்கும் மின்கருவியின் அலையை இதயத் துடிப்பென்று எண்ணி பேஸ்மேக்கர் சும்மா இருந்துவிடக்கூடும். தொப்புளுக்கு மேலே அறுவை என்பதால் அந்த ஆபத்து அதிகம் என்றார். அதற்காகக் கம்பெனி டெக்னீஷியனை வரவழைத்து, எந்த அலை வந்தாலும் பொருட்படுத்தாமல் சீராகத் துடிப்பைக் கொடுக்கும்படி அதை மாற்றி வைத்தார்கள். மின்கருவியின் மின்சாரம் உடலிலிருந்து திரும்பிச் செல்லும் தகட்டைத் தொடையில் ஒட்டினார்கள். அதனால் மின்சாரம் மார்புப் பக்கம் போகாது.

"சுடும்போது மானிட்டரில் இசிஜி கோடு கலங்கிவிடும். விரலில் மாட்டும் கிளிப்பின் அலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ரத்தம் ஓடுகிறதா என்று அது சொல்லும்" என்றார் மருத்துவர். "அப்படியானால் விரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றார் மாமனார். அவர் வாய் எப்போதும் அப்படித்தான்.

அறுவை முடிந்ததும் பேஸ்மேக்கரைப் பழைய நிலைக்குத் திருப்பி, சரிபார்த்த பிறகே வார்டுக்கு அனுப்பினார்கள்.

வார்டில்தான் சிக்கல். அறுவை நாள் காலையில் மாத்திரை எதுவும் கூடாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். மெட்டோப்ரோலாலை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்லி ஓ.பி. சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. திடீரென்று நிறுத்தினால் நாடியும் ரத்த அழுத்தமும் எகிறக்கூடிய மாத்திரை அது. சீட்டை நீட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். டெக்னீஷியன் வந்ததற்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதும் டிஸ்சார்ஜ் பில்லில்தான் தெரிந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம்?

நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். பேஸ்மேக்கர் உள்ளவரை இங்கே அழைத்து வருகிறவர்கள் அட்டையை மறக்காதீர்கள், ஓ.பி. சீட்டை கோப்புக்குள் போகவிடாமல் கையிலேயே வைத்திருங்கள்.