ஒழுகும் மொட்டைமாடிக்குத் தட்டோடா, கோட்டிங்கா, ஷீட்டா?

சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை கடலோரத்தில் கான்கிரீட் வீடு ஒழுக ஆரம்பித்தால் மூன்று யோசனைகள் வரும். கொத்தனார் தட்டோடு, அதாவது சுட்ட மண்ணாலான தட்டை ஓடு, பதிக்கச் சொல்வார். பெயிண்ட் கடையில் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் வாளியைக் காட்டுவார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் தூண் நிறுத்தி மேலே தகர ஷீட் அடித்துவிடலாம் என்பார். புயல் வரும் ஊரில் என் ஓட்டு தட்டோட்டுக்குத்தான்.

எதைச் செய்வதானாலும் முதலில் மாடியில் நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நேராகக் குழாய் வாய்க்கு ஓடினால் வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, சரியாக இருக்கிறது. நடுவில் குளம் கட்டினால் தொல்லை அங்கேதான். தேங்கிய தண்ணீர் மயிரிழை வெடிப்பில் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும். அது உப்பும்போதுதான் சீலிங் பெயர்ந்து விழுகிறது.

கோட்டிங் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும், வெள்ளை நிறம் என்றால் வீட்டுக்குள் சூடும் குறையும். வாட்டம் நன்றாக இருந்து, சிறு வெடிப்புகள் மட்டும் இருக்கும் மாடிக்கு இது போதும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் கோட்டிங் ஊறி உரிந்துவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவும் வேண்டும்.

தட்டோட்டின் பலம் ஓட்டில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி மூன்று அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். குழாய்ப் பக்கம் மெலிந்து, எதிர்ப்பக்கம் தடித்து வாட்டம் இங்கேதான் உருவாகிறது. அதன்மேல் ஓடு பதித்து இணைப்புகளைப் பூச வேண்டும். இப்போது பலர் சுண்ணாம்பை விட்டுவிட்டு சிமெண்டிலேயே முடிக்கிறார்கள். அது வெயிலில் சீக்கிரம் வெடிக்கிறது. அப்புறம், இந்தத் தளம் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை ஏற்றும். சீலிங்கில் கம்பி தெரிகிற பழைய வீடு என்றால் பொறியாளர் பார்க்காமல் தொடக்கூடாது. பழைய தளத்தைப் பெயர்த்து எடுக்காமல் அதன்மேல் புதிதாகப் போடவும் கூடாது.

ஷீட் மழையையும் வெயிலையும் சேர்த்தே தடுக்கும். பயம் காற்றில் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அது ஷீட்டை அதிகமாக மேலே இழுக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது நாகை, தஞ்சைப் பக்கம் எத்தனையோ கூரைகள் பறந்தன. பறக்கும் ஷீட் அடுத்த வீட்டு ஆளை வெட்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். போடத்தான் வேண்டும் என்றால் தூண்கள் கீழே உள்ள பீம், பில்லர் மேல் நிற்கட்டும். ஓரங்களில் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்கட்டும். தூணுக்காகத் தளத்தில் போடும் போல்ட் துளைகளை நன்றாக அடைக்காவிட்டால் அவையே புது ஒழுகல் ஆகும்.

எந்த வேலையானாலும் மாடி நன்றாகக் காய்ந்திருக்கும் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் குழாய் வாயில் அடைந்த சருகை அள்ளுங்கள். கைப்பிடிச்சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே கிள்ளினால் போதாது. பூச்சை உடைத்து வேரோடு எடுத்து, அந்த இடத்தைத் திரும்பப் பூச வேண்டும்.