ரீட்ரிசால்வா, ஈனமா? சிங்கிள்டன் இரண்டாகிப் போனால்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடைக்கு ஜாவாவில் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைய விலையை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் ஒன்றே ஒன்றுதான், அதாவது சிங்கிள்டன். கரண்ட் போனாலும் பாதி பில்கள் தொலையக்கூடாது என்று எல்லாவற்றையும் அவ்வப்போது சீரியலைஸ் செய்து, அதாவது பைட்டுகளாக மாற்றி, கோப்பில் போட்டுவைக்கும்.

ஒருநாள் கரண்ட் போய் வந்தது. கடைக்காரர் புது விலை போட்டார். திரையிலும் புது விலைதான். பாதியில் நின்ற பில்களில் மட்டும் பழைய விலையே விழுந்தது. ஒட்டுப்பால் (காய்ந்த ரப்பர் பால்) கொண்டுவந்தவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

கோப்பிலிருந்து திரும்பப் படிக்கும்போது ஜாவா அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை, அதாவது ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் பகுதியை, தொடுவதே இல்லை. அதை பிரைவேட் ஆக்கி முன்வாசலைப் பூட்டியிருந்தாலும், கொல்லைப்புறமாக இரண்டாவது ஆப்ஜெக்ட் வந்து உட்கார்ந்துவிடும். பில்கள் அதைப் பிடித்துக்கொண்டன, திரை முதலாவதை. சந்தேகம் இருந்தால் இரண்டையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபால்ஸ் வந்தால் இதுதான் நோய்.

பழைய மருந்து ரீட்ரிசால்வ் (readResolve). படித்து முடித்ததும் ஜாவா இந்த மெத்தடைக் கூப்பிடும். அதில் முதல் ஆப்ஜெக்ட்டையே திருப்பிக் கொடுத்தால் இரண்டாவது குப்பைக்குப் போகும். எழுத நாலு வரிதான், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் காலை வாரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைல் ஆகும், ஓடும், ஆனால் கூப்பிடப்படாது. திருப்பும் வகையை (return type) ஆப்ஜெக்ட் (Object) என்று போடாமல் நம் கிளாஸ் பெயரைப் போட்டாலும் அதே கதி. எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது இதில்தான். தாய் கிளாஸில் பிரைவேட்டாக எழுதியது பிள்ளை கிளாஸுக்கு உதவாது என்பதையும் அப்புறம்தான் கவனித்தேன்.

இன்னொரு மருந்து, ஜாவா 5 முதல் இருக்கும் ஈனம் (enum), பெயரைத் தமிழில் எழுதும்போதுதான் ஈனம். முன்கூட்டியே பெயர் வைத்த ஆப்ஜெக்ட்கள் மட்டுமே இருக்கக்கூடிய கிளாஸ் வகை அது. கோப்பில் அதன் பெயர் மட்டுமே போகும், திரும்பும்போது அந்தப் பெயருக்குரிய அதே ஆப்ஜெக்ட் கிடைக்கும். ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே கிளாஸின் உள்ளே கைவைக்கும் வசதி) வழியாகப் புதிதாக ஒன்று உருவாக்கப் பார்த்தாலும் ஜாவா விடாது. வேறு கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்ய முடியாது என்பது ஒரு குறை. கிளாஸாக இருந்ததை ஈனமாக மாற்றினால், அது எழுதப்பட்ட பழைய கோப்புகளும் திறக்காது.

ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது மட்டும் பிரச்சினை என்றால் என் ஓட்டு ஈனத்துக்கே. ஆனால் உள்ளே இருக்கும் மதிப்பை அது காப்பாற்றாது. புரோகிராமை நிறுத்தித் திறந்தால் விலை பூஜ்யத்தில் நிற்கும். ரீட்ரிசால்விலும் படித்த விலையை நாமே எடுத்து முதல் ஆப்ஜெக்ட்டில் வைக்காவிட்டால் அதுவும் குப்பையோடு போய்விடும்.

கடைசியில் அந்தக் கடைக்கு இரண்டையுமே வைக்கவில்லை. விலையைத் தனியாக ஒரு சின்னக் கோப்பில் எழுதினேன். பில்லிலிருந்து விலை ஆப்ஜெக்ட்டை எடுத்துவிட்டேன். தேவைப்படும்போது பில் கேட்டு வாங்கிக்கொள்ளும். சிங்கிள்டனுக்கு இருந்த சீரியலைசபிள் என்ற, சீரியலைஸ் செய்ய அனுமதிக்கும் அடையாளத்தையும் கழற்றியாயிற்று. இனி யாராவது தெரியாமல் அதைப் பில்லுக்குள் சேர்த்தால், சேமிக்கும்போதே எர்ரர் கத்தும்.