கமடோர் 64-க்கு எபிக்ஸ் ஃபாஸ்ட்லோட்: இன்றும் வாங்கலாமா?

எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64-உம் அதன் 1541 ஃப்ளாப்பி டிஸ்க் டிரைவும் வைத்துக்கொண்டு, கேம் லோட் ஆகும்வரை டிரைவின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், யோசிக்காமல் எபிக்ஸ் ஃபாஸ்ட்லோடை வாங்கிவிடுங்கள், கம்ப்யூட்டரில் சொருகினால் லோடை வேகமாக்கும் கார்ட்ரிட்ஜ் இது. 1984-இல் வந்த சரக்குதான், ஆனால் இன்னும் வேலை செய்கிறது. நான் பழையதாகத்தான் வாங்கினேன். முனையில் படிந்திருந்த கறுப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துச் சொருகியதும் ஓடியது.

இத்தனைக்கும் 1541 ஒன்றும் மந்தமான டிரைவ் இல்லை. அதற்குள்ளேயே தனியாக ஒரு 6502 பிராசசரும் 2 கேபி ரேமும் இருக்கின்றன, கிட்டத்தட்ட இன்னொரு கம்ப்யூட்டர். மாட்டிக்கொள்வது நடுவில் இருக்கும் கேபிளில். 64-க்கு முன்பு வந்த கமடோரின் விக்-20 கம்ப்யூட்டரில், பிட்களை வரிசையாக அனுப்ப வேண்டிய 6522 சிப்பின் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் கோளாறு இருந்ததால் ஒவ்வொரு பிட்டையும் சாஃப்ட்வேரே தள்ள வேண்டியதாயிற்று, 64-க்கும் அதே ஏற்பாடு தொடர்ந்தது, போதாக்குறைக்கு 64-இன் வீடியோ சிப் அவ்வப்போது பிராசசரை நிறுத்திவைப்பதால் வேகத்தை இன்னும் குறைத்தார்கள். கடைசியில் வினாடிக்கு ஏறக்குறைய 400 பைட்தான் மிஞ்சியது. 200 பிளாக் (சுமார் 50 கேபி) கேம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல்.

ஃபாஸ்ட்லோட் என்ன செய்கிறது என்றால், தன் சொந்த புரோகிராமை டிரைவின் ரேமுக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கேபிளின் கிளாக் லைன், டேட்டா லைன் இரண்டிலுமே டேட்டாவை ஓட்டுகிறது, ஒரு தடவைக்கு இரண்டு பிட். சுமார் ஐந்து மடங்கு வேகம் கிடைக்கிறது, அந்த 200 பிளாக் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எனக்கு வேகத்தைவிடப் பிடித்தது வேறு. டாலர் குறியை அடித்தால் டிஸ்கில் இருக்கும் ஃபைல் பட்டியல் வந்துவிடும், மெமரியில் பாதி எழுதிவைத்த பேசிக் புரோகிராம் அழியாது. வெறும் 64-இல் பட்டியல் பார்க்கப்போய்ப் புரோகிராமைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கமடோர் கீயோடு ரன்/ஸ்டாப் அழுத்தினால் டிஸ்கின் முதல் புரோகிராம் தானாக லோட் ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. லோடு மட்டும்தான் வேகம், சேவ் பழைய ஆமை வேகம்தான். ஜிஃபிடாஸ் என்ற மாற்று ரோமைப் போட்டால் இன்னும் வேகமாக ஓடும், சேவும் சேர்த்து, உண்மைதான், ஆனால் அதற்கு கம்ப்யூட்டர், டிரைவ் இரண்டையும் திறந்து ரோம் சிப்பை மாற்ற வேண்டும். சாலிடரிங் அயர்னைத் தொடப் பயப்படுகிற ஆள் நான், அதனால் எனக்கு இதுவே போதும். டிரைவுக்குப் பதிலாக எஸ்டி கார்டைப் பயன்படுத்தும் எஸ்டி2ஐஇசி வைத்திருப்பவர்களுக்கும் இது ஒத்துவரும்.

அப்புறம், சொந்த லோடரோடும் காப்பி புரொடெக்‌ஷனோடும் வரும் சில கேம்கள் இதோடு ஒத்துப்போகாமல் நடுவில் அப்படியே நின்றுவிடும். அப்போது கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு லோட் செய்து பாருங்கள், கழற்றுமுன் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிடுங்கள்.